பின்சீட்டுக்காரர் மிதிக்கிறாரா?

சர்க்கரையால் என் கணவருக்குப் பார்வை போனதிலிருந்து, இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் நீளமான சைக்கிள்தான் எங்கள் வண்டி. முன்னால் நான், பின்னால் அவர்.

இன்று காலை நீடாமங்கலம் போகும் வாய்க்கால் கரையில் திடீரென்று, "நிறுத்து, எங்கயோ வரப்பு உடைஞ்சு தண்ணி ஓடுது" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தால் உண்மைதான். ஆனால் அது அவருடைய சித்தப்பா மகன் வயல். வரப்புத் தகராறில் ஆறு வருடமாக எங்களோடு பேச்சுவார்த்தையே கிடையாது.

"வேணாங்க, வம்பு" என்றேன்.

"பயிரு என்னடி பண்ணுச்சு?" என்று தடவித் தடவிச் சேற்றை அள்ளி அடைத்தார்.

கொழுந்தனார் மண்வெட்டியோடு ஓடிவந்தார். நாங்கள் வரப்பை வெட்டுவதாகத்தான் நினைத்திருப்பார். அடைத்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு என்னிடம், "அண்ணி, அண்ணன் பின்னாடி நெசமாவே மிதிக்குதா, சும்மா உக்காந்து வருதா?" என்று கேட்டார்.

"முன்னாடி ஏறிப் பாருடா" என்றார் இவர்.

ஏறினார். ஒரு வரப்புக்காக அடித்துக்கொண்ட இருவரும் ஒரே சைக்கிளில் டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன். மூன்று பேர் மிதிக்கிற சைக்கிள் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.