கடலில் வெட்டிய ஓரம்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே வெல்டிங் பட்டறை. நடுக்கடலில் எண்ணெய் எடுத்து ஓய்ந்துபோன இரும்பு மேடையை வெட்டிப் பிரித்த தகடுகள் லாரியிலிருந்து இறங்குகின்றன. பட்டறைக்கார அம்மா ஒவ்வொரு தகடாகத் தடவிப் பார்க்கிறார். ஒன்றில் கை நின்றுவிடுகிறது.

"இது எங்க வீட்டுக்காரர் வெட்டினது சார். அந்தக் கடல்லதான் மேடைய வெட்டுற வேலை செஞ்சிக்கினு இருக்காரு."

"எப்படித் தெரியும்?"

"இந்த ஊர்ல புடவையப் பார்த்தே யார் நெய்ததுன்னு சொல்வாங்க. எனக்கு இவர் கை தெரியாதா?"

அந்தத் தகடு இவர்கள் வீட்டு கேட்டுக்காம். அளவுக்கு வெட்டி, தான் வெட்டிய ஓரங்களை மட்டும் கிரைண்டரில் தேய்க்கிறார். கணவர் வெட்டிய ஓரத்தைத் தொடவில்லை.

"அதை விட்டுட்டீங்களே?"

"நூல் பிடிச்ச மாதிரி இருக்குது, அதப் போய்த் தேய்ப்பாங்களா? தெருவுல போறவங்க பார்க்கட்டும்."