கொக்கிக்குச் சுற்றிய ரப்பர்

பிரேக் பிடித்தால் அது முதலாளியின் அதிர்ஷ்டம்; பிடிக்காவிட்டால் மெக்கானிக்கின் குற்றம். இந்தத் தொழிலில் அடிபட்ட சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகரில் ஒர்க்ஷாப் வைத்திருந்தேன். சிவகாசிப் பட்டாசு முதலாளி ஒருவர், உலகச் சண்டைக் காலத்து மிலிட்டரி பிக்கப்பையும் அதன் டிரெய்லரையும் ஏலத்தில் எடுத்திருந்தார். டிரெய்லர் சக்கரத்துக்குள் காந்தம். வண்டியிலிருந்து கரண்டு போனால் காந்தம் இழுத்து பிரேக் பிடிக்கும். சீமைக்காரன் மூளை! சிவகாசியில் வேறு மூளை இருந்தது.

கரண்டும் மருந்தும்

அவருடைய டிரைவர் மாடசாமிதான் முதலில் ஓடி வந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் ஆற்றுக்கு இறங்கும் சரிவில், பிரேக்கை அழுத்த அழுத்த டிரெய்லர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளியிருக்கிறது. அன்றைக்கு வெறும் டிரெய்லர். அடுத்த வாரம் அதே சரிவில் தீபாவளி லோடு. ஓட்டமாட்டேன் என்றால் வேலை போகும். ஓட்டினால் ஆளே போகலாம். வீட்டில் நாலு பிள்ளைகள்.

முதலாளியிடம் கரண்டு பிரேக்கை விளக்கினேன். காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "கரண்டையும் வெடிமருந்தையும் ஒண்ணா அனுப்பச் சொல்றீகளே தம்பி, நீங்க எனக்கு வேண்டியவரா, வேண்டாதவரா?"

இங்கே பிடிக்கும், அங்கே பிடிக்காது

டிரெய்லரைத் தனியே கழற்றி, ஒர்க்ஷாப் பேட்டரியிலிருந்து கரண்டு போக ஒன்று, திரும்ப ஒன்று என்று நேராக ஒயர் கொடுத்தேன். சக்கரம் ஆணியடித்த மாதிரி நின்றது. பெருமையாக அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. ரோட்டில் பிரேக் சும்மா தடவிக் கொடுக்கிறதாம். வண்டி பேட்டரியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். போய்ப் போய் வந்தது.

நாலாம் தடவை டிரெய்லர் நெற்றியில் இருக்கன்குடி மாரியம்மன் குங்குமமும் எலுமிச்சம்பழமும் இருந்தன. நான் கேட்குமுன் மாடசாமியே சொன்னார்: "கோவிச்சுக்கிராதீக அண்ணே, ஒங்கள நம்பாம இல்ல, ஆத்தாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன்."

முதலாளியின் கண்டுபிடிப்பு

அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது. டிரெய்லரைக் கழற்றாமல், மாட்டியபடியே குனிந்து பார்த்தேன். வண்டியும் டிரெய்லரும் சேரும் கொக்கியில் பழைய டயர் துண்டைச் சுற்றியிருந்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் இரும்போடு இரும்பு உரசக் கூடாதல்லவா? அந்த விதியை முதலாளி ஐயா கொக்கிக்கும் போட்டுவிட்டார். ஒயரில் போன கரண்டு திரும்பி வர அந்தக் கொக்கிதான் வழி. அங்கே ரப்பர். கொக்கிக்குத் துணையாக மாட்டிய துருப்பிடித்த சங்கிலி வழியாகக் கொஞ்சம் வந்ததில்தான் அந்தத் தடவல் பிரேக்.

ரப்பரை எடுக்கச் சொன்னேன். முதலாளி குறுக்கே வந்து நின்றார். "பிரேக் இல்லாட்டி ஒரு வண்டிதான் போகும், பொறி பறந்தா ஊரே போயிரும், பாத்துக்கிடுங்க!"

சரிவில் பரீட்சை

அந்த ஒரு வண்டியில்தான் மாடசாமி இருப்பார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ரப்பரை முதலாளிக்கே விட்டுவிட்டு, கரண்டு திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் நடுவே தனி ஒயர் ஒன்று போட்டேன். முதலாளி நம்பவில்லை. லோடோடு இறக்கிப் பார்க்க வேண்டும், நானும் மேலே உட்கார வேண்டும் என்றார். என்னே மரியாதை!

பட்டாசுப் பெட்டிகள்மேல் உட்கார்ந்து இறங்கினேன். பாதிச் சரிவில் மாடசாமி பிரேக்கை அழுத்தினார். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தே நின்றன. மாடசாமி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டார். முதலாளி கொக்கியைத் தடவிப் பார்த்து, கூடியிருந்தவர்களிடம் சொன்னார்: "பாத்தீகளா, நான் ரப்பர் போட்டதுல பிரேக் எம்புட்டுச் சுத்தமாப் பிடிக்குதுன்னு!"

ஆக, அந்த சீசன் முடிவதற்குள் இன்னும் மூன்று முதலாளிகள் தங்கள் மிலிட்டரி டிரெய்லருக்கும் ரப்பர் சுற்றிக்கொண்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.