நிற்கிற எஞ்சின் நடுங்கியது

2023 பெப்ரவரி 6, திங்கட்கிழமை, காலை ஐந்து ஐம்பது. பௌர்ணமிக்கு மறுநாள். காற்று இல்லை. மழை விட்டு நாலு நாளாகியும் வாவி நிறைந்து கிடந்தது. அதன்மேல் மூடுபனி. கல்லடிப் பாலத்து விளக்குகளில் என் கண்ணுக்குத் தெரிந்தவை மூன்று. கூலிக்குப் பேசிய தோணியில் ஏறும்போது இடது செருப்பு சேற்றில் புதைந்து கழன்றது. தேடிப் பார்க்கக் குனிந்தால் தோணி கவிழும் என்று மச்சினன் சொன்னதால், ஒற்றைச் செருப்போடு நாற்பது லட்சம் ரூபாய் போட்டைப் பார்க்கப் போனேன்.

போட் வாங்கும் வயதில்லை எனக்கு. எழுபத்து மூன்று. மகள் தொலைபேசியில் இதை விசர் என்றாள். ஆனால் என் மனைவி இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் விழுந்து ஒன்றரை வருடம். அவள் பனிச்சங்கேணியில் வாவிக்கரையில் பிறந்தவள். மருந்து கசக்கிறது என்றுகூடச் சொல்லாதவள், ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரி குழறுவதை இன்னொரு முறை கேட்க வேண்டும்.

வாவியின் அடியிலிருந்து வரும் அந்தச் சத்தத்தை வெளியூர்க்காரர் மீன் பாடுகிறது என்பார்கள். நாங்கள் ஊரி குழறுகிறது என்போம். ஊரி என்பது சிப்பிக்குள் கிடக்கும் சின்னப் பிராணி. நிலவு நாட்களில் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் இறக்கி மறுநுனியைக் காதில் வைத்தால் கேட்கும். இப்போது பாலத்தில் ஓடும் வாகன இரைச்சலில் அது அடங்கிப்போயிற்று என்கிறார்கள். கேட்டதாகச் சொல்பவர்களையும் யாரும் நம்புவதில்லை. மனைவியால் தோணியின் தட்டில் குந்த முடியாது. படுக்க இடமுள்ள, கூரை போட்ட போட் ஒன்றுதான் வழி. அப்படி விற்பனைக்கு இருந்தது இது ஒன்று. எங்கள் வங்கி வைப்பில் இருந்தது முப்பத்திரண்டு லட்சம். அது போனால் ஓய்வூதியத்தைத் தவிர எங்களுக்கு வேறு இல்லை.

விற்பவர் நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கேய வழிவந்தவர், என்னைவிட ஆறேழு வயது இளையவர். போட் அவருடைய தமையனுடையது. தமையன் கடைசல் பட்டறை வைத்திருந்தவர். போட்டைத் திருகோணமலையில் வாங்கிக் கடல்வழியே ஓட்டிவந்து முகத்துவாரத்தால் உள்ளே கொண்டுவந்தாராம். போன ஜூனில் அவர் மாரடைப்பில் இறந்தார். அதன்பிறகு எட்டு மாதம் யாரும் உள்ளே போகவில்லை என்று தம்பி சொன்னார். போட்டில் ஏறியும் அவர் கீழே இறங்கவில்லை. “நான் மேல நிக்கிறன் சேர், நீங்க வடிவாப் பாருங்க” என்று கதவுக்கும் எஞ்சினுக்குமான திறப்புக் கொத்தை மச்சினனிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய் நின்றார்.

பனிக்குள் அந்த வெள்ளைப் போட் கண்ணா என்ற சதுப்புமரப் பற்றையோடு ஒட்டிக் கிடந்தது. யன்னல்களுக்குத் திரை இழுத்திருந்தது. பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருப்பதைக் கவனித்தேன். இரண்டு எஞ்சின்களும் பின்னால்தானே இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் முப்பத்து நாலு வருடம் குளங்களில் நீர்மட்டம் அளந்து சம்பளம் எடுத்தவன்.

உள்ளே மேசையில் ஒரு கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி. கதவு நிலையில் சிலந்தி வலை அறுந்ததே நாங்கள் போனபோதுதான். மெக்கானிக் ஒருவருக்கு இரண்டாயிரம் முன்பணம் கொடுத்திருந்தேன். விடிகாலையில் காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டார். ஆனால் முதல்நாளே தொலைபேசியில் ஒன்று சொல்லியிருந்தார்: முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் விற்பவன் முன்கூட்டியே ஓட்டிப் பழக்கி வைத்திருக்கிறான், குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும்.

பின்பக்கத் தட்டில் மூடியைத் தூக்கி, டோர்ச்சோடு இறங்கினேன். இடது எஞ்சினில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்த இரும்பு. வலது எஞ்சினில் வைத்தேன். அதுவும் குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் நடுங்கியது.

கையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். திறப்பு மச்சினனின் சட்டைப் பையில் இருந்தது. எஞ்சின் நின்றுகொண்டிருந்தது, எட்டு மாதமாக நின்றுகொண்டிருந்தது. காய்ச்சல்காரனின் முதுகில் கை வைத்தது போல் மெல்லிய நடுக்கம் விரல்வழியே முழங்கைவரை வந்தது. பிறகு தானாக நின்றது.

மச்சினன் என் மனைவியின் தம்பி, செட்டிபாளையத்தில் மீன்பிடிப்பவன். அறுபத்தொரு வயதிலும் பகிடிக்காரன். “அத்தான், எஞ்சினுக்கு உங்களப் பாத்துப் பயம் போல” என்றான். ஆனால் அவனும் கை வைத்துப் பார்த்தான். நடுக்கம் திரும்ப வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. தோணியிலிருந்து துடுப்பை எடுத்துவந்து, அகன்ற பக்கத்தை எஞ்சினடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

நீண்ட முனகல். ஏறவில்லை, இறங்கவில்லை. மூடிய வாயால் யாரோ ஒரே மூச்சில் அழுவது போல. சின்ன வயதில் பாலத்தடியில் கேட்டதைவிட இதுதான் தெளிவு.

“ஊரி குழறுது” என்றேன்.

நான் எண்ணினேன். நாற்பது எண்ணும்வரை குழறியது. இருநூறு எண்ணும்வரை சத்தமில்லை. பிறகு நாற்பது. பிறகு இருநூறு. நாலு தரம் எண்ணினேன், ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஒரு சிப்பிப்பூச்சிக்கு மணிக்கூடு எப்படி வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. இவ்வளவு ஒழுங்காகக் கேட்டால் அவளை எப்போது கூட்டிவந்தாலும் ஏமாற்றமிராது என்றுதான் நினைத்தேன்.

எஞ்சின்களை ஓட்டிப் பார்த்தோம். நான் கொண்டுவந்த ஐந்து லீற்றர் டீசலை ஊற்றினோம். எட்டு மாதம் கிடந்த போட்டுக்குப் பற்றரி நல்ல பலமாக இருந்தது. கூரையில் ஒரு சூரியத் தகடு இருக்கிறது என்று விற்பவர் மேலிருந்து சொன்னார். வலது எஞ்சின் திறப்பைத் திருப்பியதும் பிடித்தது. இடது ஐந்தாம் தரம் பிடித்து வெள்ளைப் புகை விட்டது. எது புகை, எது பனி என்று பிரிக்க முடியவில்லை. நிறுத்திவிட்டு மச்சினன் எண்ணெய்க் கம்பியை உருவினான். கம்பியில் எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் ஒட்டியிருந்தது.

“எண்ணெய்க்குள்ள தண்ணி போயிரிக்கு அத்தான். இதக் கழட்டிக் கட்ட ஆறு லட்சத்துக்குக் குறையாது. விடுங்க.”

நான் விடுவதாக இல்லை. ஆறைக் கழித்துப் பேசலாம், இன்னும் இறக்கி இருபத்தொன்பதுக்கு முடிக்கலாம், இப்போதைக்கு வலது எஞ்சின் ஒன்றே போதும், மீதி மூன்றில் காலம் தள்ளலாம் என்று மனதுக்குள் கணக்கு ஓடியது. மேலே ஏறி விற்பவரிடம் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு, பின்னேரங்களில் கரையில் வந்து நின்றால் தனக்கும் கேட்கும் என்றார். தமையன் இறந்த கிழமையிலிருந்துதான் அது தொடங்கியதாம். வேலை செய்யும்போது வாயைத் திறக்காமல் தேவாலயப் பாட்டை முனகுவது தமையனின் வழக்கமாம். இரண்டு பேர் வாங்க வந்து, சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்களாம். ஒளிக்காமல் சொன்னார். அது ஊரி, பயப்பட ஒன்றுமில்லை என்று நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். சொல்லிவிட்டு, முன்பணமாகக் கொண்டுவந்த ஐம்பதாயிரத்தைப் பையிலிருந்து எடுத்து எண்ணத் தொடங்கினேன்.

கீழே மச்சினன் பற்றரி எத்தனை வருடப் பழசு என்று பார்க்கப் போயிருந்தான். திறந்திருந்த மூடிவழியே அந்த முனகல் திரும்பவும் எழுந்து வந்தது. என் வாய் தாளை எண்ணியது, காது அதை எண்ணியது. பதினேழில் அது அறுந்தது.

நாற்பதுவரை போகவேண்டியது. கத்தியால் வெட்டியது போல் பதினேழில் நின்றது. வாவி முழுக்க அமைதியாகிவிட்டது. ஒரு கொக்கின் செட்டைச் சத்தம்கூட இல்லை. விற்பவர் என் கையைப் பிடித்தார்.

கீழிருந்து மச்சினன் மெல்லத்தான் சொன்னான். “அத்தான், நான் பற்றரிச் சுவிச்ச நிப்பாட்டினன். உங்கட ஊரியும் நிண்டிட்டு.”

இறங்கினேன். தாள்களைப் பிடித்தபடியே எஞ்சின் அறைப் பலகையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் செருப்பில்லாத என் இடது காலைக் குளிர் தொட்டது. டோர்ச்சை இறக்கினேன். பலகை இடுக்குகளால் கறுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வந்துகொண்டிருந்தது. வலது எஞ்சினின் அடியில், அதன் தாங்கியிலேயே திருகி முடுக்கிய சின்ன மோட்டார் ஒன்று இருந்தது. தண்ணீர் ஏறினால் தானே இயங்கி இறைத்து வெளியே தள்ளும் மோட்டார். புரொப்பலர் தண்டு வெளியே போகும் துவாரத்தின் அடைப்பு கரைந்து, எட்டு மாதமாக வாவி உள்ளே வந்துகொண்டிருந்தது. பகலில் சூரியத் தகடு பற்றரியை நிரப்ப, இரவும் பகலும் அந்த மோட்டார் இறைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் விழும் குழாய் கண்ணாப் பக்கம், தொங்கவிட்ட டயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. நிற்கிற எஞ்சின் நடுங்கியதற்கும் அதுவே காரணம். அந்த மோட்டார் நின்றிருந்தால் போட் அன்றைக்கே அடியில்.

வேறு ஊரில் இப்படிச் சத்தம் கேட்டால் எங்கேயோ மோட்டார் ஓடுகிறது என்றுதான் நினைப்பார்கள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மச்சினன் விற்பவருக்கு எல்லாவற்றையும் விளக்கினான், இந்தக் கிழமையே போட்டைக் கரையில் ஏற்றவேண்டும் என்றான். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூடியோரம் வந்து, முதல் தடவையாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

“அப்ப, இவ்வளவு நாளும் அது அண்ணன் இல்லையா?”

மச்சினன் சுவிச்சைப் போட்டான். முனகல் திரும்ப வந்தது. அவர் தட்டில் உட்கார்ந்து, மோட்டார் என்று தெரிந்தும், உள்ளங்கையை மரத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஐம்பதாயிரத்தையும் பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி விலை கேட்கவில்லை. கேட்டிச்சா என்றுதான் கேட்டாள். கேட்டது என்றேன். எது என்று சொல்லவில்லை. தோணிக்காரனிடமிருந்து துடுப்பை விலைக்கு வாங்கிவந்திருந்தேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அடுத்த நாள் பின்னேரம் மச்சினனும் நானும் அவளைச் சாய்கதிரையோடு தூக்கி, எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் வாவிக்கரையில் வைத்தோம். அங்கே முழங்காலளவு தண்ணீர்தான். போட் இல்லை, எஞ்சின் இல்லை. துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீரில் இறக்கி, பிடியை அவள் காதில் வைத்தேன். அவள் கண்ணை மூடினாள். மச்சினன் ஏதோ பகிடி சொல்லத் தொடங்கினான்; அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“ஊரியா?” என்று கேட்டேன்.

“இல்ல. ஆரோ எண்ணுற மாதிரிக் கேக்குது” என்றாள். “உங்களப் போல.”

நானும் காதை வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம் துடுப்பைத் திருப்பிக் கொடுத்தேன். இருட்டும்வரை அவள் அதை விடவில்லை.

மெக்கானிக் திருப்பித் தராத முன்பணம் இரண்டாயிரம், தோணிக் கூலி ஆயிரத்து ஐந்நூறு, டீசல் இரண்டாயிரத்து இருபத்தைந்து, புதுச் செருப்பு அறுநூற்று ஐம்பது, துடுப்பு ஆயிரத்து எண்ணூறு. மொத்தம் ஏழாயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தைந்து ரூபாய்.