"டேவ், அது மரம்" எண்டு சொன்னது நான்தான்

இண்டைக்குப் பின்னேரம் செவன் ஹில்ஸில, பின்தெரு சிவா அங்கிள் வீட்டு வாசலில...

முருங்கை இல்லை!

நிண்ட இடத்தில மரத்தூள் மட்டும்தான் கிடந்தது.

முதல்ல இருந்து சொல்லுறன். பள்ளிக்கூடத்தை இடையில விட்டிட்டு நான் இப்ப செய்யிறது மரம் அளக்கிற வேலை. (ஓம், உண்மையாவே அப்பிடி ஒரு வேலை இருக்கு!)

எங்கட பக்கம் கோடையில அடுப்புத்தான். எந்தத் தெருவில எவ்வளவு நிழல் இருக்கு எண்டு கவுன்சிலுக்கு, அதான் நகரசபைக்கு, தெரியோணுமாம்.

நானும் சூப்பர்வைசர் டேவும் தெருத்தெருவா நடந்து, ரோட்டோர மரம் ஒவ்வொண்டையும் அளந்து டேப்லெட்டில ஏத்துவம்.

அவர் கதைப்பார். நான் டேப் பிடிப்பன்.

குளிர் முடியிற நேரம் அங்கிளின்ர தெருவுக்குப் போனம்.

வீட்டுக்கு முன்னால ரோட்டோரப் புல்லில அவர் நட்ட முருங்கை. வழக்கம்போல மொட்டையாத் தறிச்சு, சாக்குச் சுத்தி, வெட்டின வாயில தண்ணி இறங்காமல் ஒரு யோகட் பேணியைக் கவிழ்த்து வச்சிருந்தார். (ஊரில சாணி அப்புவினமாம். செவன் ஹில்ஸில மாட்டுக்கு எங்க போறது?)

டேவ் அதைப் பார்த்திட்டு, "ஏதோ போஸ்ட்" எண்டு தாண்டிப் போயிட்டார். (நட்டு வச்ச கட்டையாம்!)

அப்பதான் நான் வாயைத் திறந்தன்.

"டேவ், அது மரம்."

"நோ வே!"

"ட்ரம்ஸ்டிக். இலை, காய் எல்லாம் சாப்பிடலாம். கோடைக்குள்ள கூரை உயரத்துக்கு வந்திடும். கொப்புத்தான் லேசா முறியும்."

வேலையில நான் ஒரேயடியா அவ்வளவு கதைச்சதே இல்லை! டேவ் சிரிச்சுச் சிரிச்சு எல்லாத்தையும் டைப் பண்ணினார். "குட் பிக்கப், மேட்!" எண்டு தோளில தட்டினார்.

கணக்கில வந்தா மரத்துக்குப் பாதுகாப்பு எண்டு நினைச்சன். வீட்ட போய் அம்மாட்டப் பெருமையும் அடிச்சன்.

கணக்கில வந்ததாலதான் போச்சு.

அனுமதி இல்லாமல் நட்டது. நடைபாதைப் பக்கம் கொப்பு முறிஞ்சு விழும். இண்டைக்குக் காலமை கவுன்சில் ஆக்கள் வந்து வெட்டிப்போட்டாங்கள்.

போஸ்ட்டாவே இருந்திருந்தா இப்பவும் நிண்டிருக்கும்.

அங்கிள் தும்புத்தடியால தூள் கூட்டிக்கொண்டு நிண்டார்.

"அன்ரிக்கு நைட் ஷிப்ட், பிள்ளை. பகலிலதான் நித்திரை. அந்த ரூம் மேற்குப் பக்கம். கோடையில இந்த மரம்தான் வெயிலை மறைச்சது."

"வேற ஒண்டு நடுவினம்தானே, அங்கிள்..."

"நட்டிட்டாங்கள். அங்க பார்."

முழங்கால் உயரத்தில ஒரு கண்டு.

"இது ஜன்னலுக்கு எட்டேக்க அன்ரி ரிட்டயர் ஆகி, ராவில நித்திரை கொள்ளுவா."

எனக்குச் சிரிப்பு வரேல்லை. அவருக்கும்தான்.

"ஆர் காட்டிக் குடுத்ததெண்டுதான் விளங்கேல்லை. வெள்ளைக்காரனுக்கு இது மரமெண்டே தெரிஞ்சிருக்காது."

"நான்தான் அங்கிள்."

தும்புத்தடியை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பார்த்தார்.

"நீயோ? நீ கதைப்பியோ?!"

பேச்சு விழப்போகுது எண்டு நிண்டன். அவர் கராஜுக்குள்ள போய், வெட்டின முருங்கைத் தடியில ஒரு துண்டைக் கொண்டுவந்து தந்தார்.

"பல்கனியில ஒரு வாளிக்குள்ள நடு. தலையில பேணி வை. ஆரும் கேட்டா போஸ்ட் எண்டு சொல்லு. இதைப் பற்றியாவது ஒருத்தரிட்டையும் கதைச்சிடாதை!"

(அங்கிள், இது கதைக்கிறதில்லை, எழுதுறது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.)

திரும்பேக்க பார்த்தன். அன்ரி கதிரையில ஏறி நிண்டு, ஜன்னல் கண்ணாடிக்கு அலுமினியப் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தா.

"சாப்பிட்டியோ பிள்ளை?"

தலையை மட்டும் ஆட்டினன். நான்தான் எண்டு சொல்லவேண்டிய நேரத்தில வாய் வரேல்லை.

மேற்கு வெயில் அடிக்கிற ரூமில பகலில நித்திரை கொள்ளுற ஆக்கள் ஆரும் இதை வாசிக்கிறீங்களோ? என்ன செய்யிறனீங்கள்? கீழ எழுதுங்கோ.

அன்ரிட்டப் போய் அதையாவது நான் சொல்லோணும்.