பூச்சி அரிக்காத துணி

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரே வருகிறவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தால் போதும், தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அதனால் அளவக்கா. தொப்பை விழுந்த ஆண்கள் அவளைக் கண்டால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடந்து போவார்கள்.

ஒரு சின்னத் தையல் பட்டறையில் உடுப்புகளுக்கு மாதிரி போடுவது அவள் வேலை. "போட்டுக்கிட்டு பஸ்ல ஏறணும், ஆபீஸ்ல உக்காரணும், வீட்டுக்கு வந்து அதோடயே அடுப்படியில நிக்கணும். ஆனா பாக்கறவங்க எங்க வாங்கினீங்கன்னு கேக்கணும்." இதுதான் முதலாளியம்மாவின் கட்டளை. அளவக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஒரு ஜனத்தின் கட்டம் போட்ட பருத்தியை எடுப்பாள். பக்கவாட்டில் முடிச்சுப் போடும் வெட்டை வேறொரு நாட்டாரிடமிருந்து எடுப்பாள். பழந்துணிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவது அவள் அம்மா வழியில் வந்தது, அதையும் சேர்ப்பாள். எல்லாம் ஒரே சட்டையில் சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கும். இஸ்திரி போடுகிறவர் சொல்வார்: "அக்கா, உங்க சட்டைய மடிக்கறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் கேக்கணும் போல இருக்கு."

அளவக்காவின் மகன் காதலித்துக் கட்டிக்கொண்ட பெண் வேறு ஜனம். அவர்கள் வீட்டில் தறியை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நெய்வார்கள். கல்யாணத்தன்று சம்பந்தியம்மா தன் கையால் நெய்த ஒரு துணியைக் கொண்டுவந்து அளவக்காவின் கையில் கொடுத்தாள். ரத்தச் சிவப்பு. நடுவில் கறுப்பும் வெள்ளையுமாகச் சாய்சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. கனமான, இறுக்கமான நெசவு.

"எங்க வீட்டுல நெய்ஞ்ச துணிய வெட்ட மாட்டாங்க அத்தை" என்று மருமகள் பிறகொரு நாள் சொன்னாள். "அப்படியே முழுசா உடம்புல சுத்திக்கறதுதான்."

"அப்படியாம்மா" என்று கேட்டுக்கொண்டு அளவக்கா அதைப் பீரோவில் வைத்தாள்.

மழைக்காலத்துக்குப் புது உடுப்புகள் போடும் நேரம் வந்தது. அளவக்கா கொண்டுபோன மாதிரிகளை எல்லாம் முதலாளியம்மா ஒரு விரலால் தள்ளிவைத்தாள். "போன வருஷம் பண்ணினதையே பண்ணிருக்கே. யாரும் பாக்காதது எதுவும் இல்லையா உன்கிட்ட?"

அந்தக் கேள்வி அவளை வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது. வீட்டில் யாரும் இல்லை. பீரோவைத் திறந்தாள். சும்மா பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். துணியைக் கட்டிலில் விரித்தாள். அது அழகாக இருந்தது. பீரோவுக்குள் வீணாகக் கிடக்கிறது என்றும் தோன்றியது. கத்தரியை எடுத்தபோது மருமகள் சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. தெரியாமல் வெட்டினாள் என்று யாரும் சொல்ல முடியாது.

வெட்டிய ஓரத்தில் இழைகள் மளமளவென்று பிரிந்து வந்தன. அவசர அவசரமாக மெஷினில் ஓட்டி அடக்கினாள். மறுநாள் பட்டறையில் அது ஒரு குட்டைக் கோட்டாக எழுந்தது. முன்பக்கம் இரண்டும் சிவப்பு, கை சாம்பல் பருத்தி, முதுகில் ஓட்டுத்தையல். முதலாளியம்மா அதைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றவே மனமில்லாமல் கழற்றினாள். "இதை ஜன்னல்ல மாட்டு. இதே மாதிரி அச்சடிச்ச துணியில நிறைய பண்ணலாம்."

அடுத்த வாரம் சம்பந்தியம்மா மகளைப் பார்க்க வந்தாள். வந்த இடத்தில், அத்தை வேலை செய்கிற இடத்தைக் காட்டுகிறேன் என்று மருமகள் அவளைப் பட்டறைக்கே அழைத்துவந்துவிட்டாள். அளவக்கா எதிர்கொள்ள வெளியே வந்தாள், ஆனால் சம்பந்தியம்மா வாசலைத் தாண்டவில்லை. ஜன்னலுக்கு முன்னாலேயே நின்று, மாட்டியிருந்த கோட்டின் மீது கை வைத்தாள்.

"இது என் துணிதானே சம்பந்தி? வெட்டிட்டீங்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம், வெட்டிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அளவக்காவின் வாய் அவளுக்கு முன்னால் ஓடிவிட்டது.

"பூச்சி அரிச்சிருந்துது சம்பந்தி. பிரிச்ச அன்னைக்கே பாத்தேன், அங்கங்க ஓட்டை. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. தூக்கிப் போட மனசு வரல, அதான் நல்ல பாகத்தை மட்டும் எடுத்து..."

சம்பந்தியம்மாவின் முகம் அப்படியே வாடிப்போனது. கையைக் கோட்டிலிருந்து எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அரிச்ச துணியையா நாலு பேர் முன்னாடி உங்க கையில குடுத்தேன்? ஐயோ! நீங்க பெரிய மனசு பண்ணி இத்தனை நாளா வெளியில சொல்லாம இருந்திருக்கீங்க."

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். போன மாதம்தான் அதே பீரோவைத் தூசி தட்டி அடுக்கியவள் அவள். துணி முழுசாக, ஒரு பொட்டு ஓட்டை இல்லாமல் இருந்ததைத் தன் கையால் மடித்து வைத்தவள். அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு வீட்டில் மருமகள் தேவைக்கு மட்டும் பேசினாள். ஒரு காலை, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அம்மா உங்களுக்குப் புதுசா ஒண்ணு நெய்யறாங்க. இடுப்பு வலி. படுத்துப் படுத்து எழுந்து நெய்யறாங்க. வேணாம்னா கேக்கல."

அளவக்கா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். "உனக்குத்தான் தெரியுமே. அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமே?"

"உங்க வாயில இருந்து வந்தது அத்தை. அதை நான் எப்படித் திருப்பி எடுக்கறது?"

அன்று பட்டறையில் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டினாள். பக்கத்து மெஷின்காரி சிரித்தாள். அவளும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. மதியம் பாதியிலேயே கிளம்பிச் சம்பந்தி வீட்டுக்குப் போனாள்.

கதவு திறந்தே இருந்தது. முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, பெட்டியிலிருந்த துணிகள் அத்தனையும் உதறிப் போடப்பட்டிருந்தன. ஜன்னல் கம்பியில் ஒரு முனையும் இடுப்பில் மறுமுனையுமாகத் தறியைக் கட்டிக்கொண்டு சம்பந்தியம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு முழம் சிவப்பு வளர்ந்திருந்தது.

"வாங்க சம்பந்தி. எழுந்திரிக்க முடியல, கட்டிப் போட்ட மாதிரி இருக்கேன். தப்பா நினைக்காதீங்க. எல்லாத்தையும் உதறிப் பாத்துட்டேன், ஒரு பூச்சியும் கண்ணுல படல. எங்க இருந்துதான் வந்துச்சோ..."

"பூச்சி இல்ல" என்றாள் அளவக்கா.

"என்னது?"

"பூச்சி அரிக்கல சம்பந்தி. துணி நல்லாத்தான் இருந்துச்சு. வெட்டக் கூடாதுன்னு உங்க பொண்ணு சொல்லியும் இருந்தா. நான்தான் ஆசைப்பட்டு வெட்டினேன். நீங்க கேட்டதும் பயந்து பொய் சொல்லிட்டேன்."

சம்பந்தியம்மா கையிலிருந்த இழையை விட்டாள். "அப்போ என் பெட்டி சுத்தமாத்தான் இருந்துச்சா?" என்று மெல்லக் கேட்டாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியைத்தான் அளவக்காவால் தாங்க முடியவில்லை. அடி விழுந்திருந்தால்கூட வாங்கியிருப்பாள்.

பிறகுதான் கோபம் வந்தது. இடுப்புக் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுச் சம்பந்தியம்மா எழுந்தாள். "என் கையால துணி வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் போனேன். அரிச்சிருக்கும், பாருங்கன்னு நானே சொன்னேன். எங்க அண்ணி வாசல்ல நின்னு மன்னிப்பு கேட்டேன். அவங்க கிட்ட இப்ப யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"இப்பவே வாங்க."

அண்ணி வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அண்ணி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். உள்ளே போய் ஒரு துணியைக் கொண்டுவந்து அளவக்காவின் முன்னால் விரித்தாள். சிவப்பு கரைந்து வெள்ளையெல்லாம் வெளிறிய ரோஜா நிறமாகியிருந்தது. கறுப்புக் கோடுகள் கோணிச் சுருங்கியிருந்தன.

"பூச்சின்னு சொன்னாங்களேன்னு கொதிக்கிற தண்ணியில போட்டுட்டேன்" என்றாள் அண்ணி. "இது இவ எனக்குன்னு நெய்ஞ்சது."

அளவக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு துணிதான் பாழானது என்று நினைத்து வந்திருந்தாள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது சம்பந்தியம்மா அவளுடன் நடக்கவில்லை, நாலடி முன்னால் நடந்தாள்.

அடுத்த நாள் அளவக்கா ஜன்னலிலிருந்து கோட்டை இறக்கினாள். அச்சடித்த துணியில் அதைப் போட மாட்டேன், வடிவத்தையும் தர மாட்டேன் என்றாள். "உன் சம்பந்தி சண்டைக்கு என் கடையா கிடைச்சுது?" என்று கத்திய முதலாளியம்மா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தறியில் இருந்த புதுத் துணி முடிந்து அண்ணிக்குப் போனது. அதுதான் நியாயம் என்று அளவக்காவுக்கும் பட்டது.

சாயம் போன துணியை அண்ணி அவளிடமே தள்ளிவிட்டாள். "என்னமோ பண்ணுங்க. கத்தரி மட்டும் படக் கூடாது."

பல ஞாயிற்றுக்கிழமைகள் அவள் அதோடு மல்லுக்கட்டினாள். துணியை முழுசாக மடித்துத் தோளில் விழவிட்டு, அடியில் மெல்லிய பருத்தியை ஓட்டுத்தையலால் பிடித்து, பக்கத்தில் முடிச்சுக் கயிறு வைத்தாள். ஒவ்வொரு மடிப்பையும் சம்பந்தியம்மாவிடம் காட்டிக் கேட்ட பிறகே ஊசி குத்தினாள். சம்பந்தியம்மா பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அண்ணி அதைப் போட்டுப் பார்த்து, "அக்குள்ல பிடிக்குது" என்றாள். தளர்த்திக் கொடுத்த பிறகு கடைக்குப் போட்டுக்கொண்டு போனாள். அதே மடிப்பு முறையில் செய்த மேலாடைகள் பின்னால் பட்டறையில் நன்றாகவே விற்றன. முதலாளியம்மாவும் பேச ஆரம்பித்தாள்.

சம்பந்தியம்மாவும் வராமல் இல்லை. பேரப்பிள்ளை பிறந்த பிறகு அடிக்கடி வந்தாள்; சிரித்தாள், சாப்பிட்டாள், இடுப்பு வலியைப் பற்றிப் புலம்பினாள். குழந்தைக்குத் துண்டு, போர்வை என்று ஏதாவது கையில் இருக்கும். அதை அளவக்காவிடம் நீட்டும்போது மட்டும் ஒரு வார்த்தை சொல்வாள்: "விரிச்சுப் பாத்துக்கோங்க சம்பந்தி."

யார் இருந்தாலும் சரி, அளவக்கா அதை முழுசாக விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை பார்ப்பாள். காது மடல் சுடும்.

"நல்லா இருக்கு சம்பந்தி. ஒரு குறையும் இல்ல" என்பாள்.