செவலிக்குக் கொடுத்த முட்டை

என் அக்கா புருஷன் சவுரிராயன் வாத்து மேய்க்கிறவர். அறுவடை முடிந்த வயல் எங்கே இருக்கிறதோ அங்கே அவர் குடும்பம் இருக்கும். தார்ப்பாயில் ஒரு கூடாரம், வாத்துகளை அடைக்க வலை கட்டிய பட்டி, கல் அடுப்பு, ஒரு நாய். முண்டியம்பாக்கத்தில் சொந்த வீடு இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் பூட்டியேதான் கிடக்கும். கேட்டால், "வூட்டுக்குள்ள படுத்தா மூச்சு முட்டுது மச்சான்" என்பார். ஒரு வயலில் தீனி தீர்ந்தால் கூடாரத்தை அடுத்த ஊருக்கு ஏற்றிப் போவது என் மினி லாரிதான். அதனால் அவர் பிழைப்பு எனக்கு அத்துப்படி.

நாயின் பெயர் செவலி. செம்மண் நிறத்துப் பெட்டை. வானூர் பக்கம் ஒரு வாய்க்காலில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வந்தார். எனக்கு நாய் என்றாலே ஆகாது. வண்டியில் ஏற்றாதீர்கள் என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! காதிலேயே வாங்காமல் அதை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவார். அக்கா அமலோற்பவம் பின்னால் பாத்திரங்களோடு வருவாள்.

"நாய்க்கு முன் சீட்டு, பொண்டாட்டிக்குப் பின் சீட்டு. நல்லா இருக்குதுடா சாமி உங்க மாமன் நியாயம்" என்று வழியெல்லாம் திட்டுவாள்.

சாப்பிட உட்கார்ந்தால் முதல் உருண்டை செவலிக்குத்தான். தரையில் போட மாட்டார். உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அதுவும் பல் படாமல் எடுத்துக்கொள்ளும்.

போன வருஷம் தை அறுப்பு முடிந்து, கெடார் பக்கம் ஒரு வயலில் இறங்கியிருந்தார்கள். வாத்து விடியும்போதே பட்டிக்குள் முட்டை போட்டுவிடும். அதைப் பொறுக்கின பிறகுதான் மேய்ச்சலுக்குத் திறந்துவிடுவார்கள். அந்த முட்டைதான் அவர்களுக்குச் சோறு. அங்கே முட்டை குறைய ஆரம்பித்தது. ஒரு காலையில் பட்டி ஓரத்தில் உடைந்து கிடந்த முட்டை ஓட்டைச் செவலி நக்கிக்கொண்டிருந்ததை மாமா பார்த்துவிட்டார்.

முட்டை ருசி கண்ட நாயை வாத்துக்காரன் வைத்துக்கொள்ள முடியாது. விரட்ட வேண்டும், இல்லை அந்தப் பழக்கத்தை முறிக்க வேண்டும். முறிக்க எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த முட்டையைச் சூட்டோடு வாயில் கொடுப்பார்கள். வாய் வெந்த நாய் அப்புறம் முட்டைப் பக்கமே போகாது. வயல்காரர் சீனுவாசன் அதைத்தான் சொன்னார்.

"வெரட்டுனா எங்கப்பா போவும் அது? ஒருவாட்டி சூடு காட்டு. ஜல்தியா அடங்கிடும்."

அக்கா குறுக்கே நின்றாள். "வேணாங்க. அதான் துன்னுச்சுன்னு நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"ஓட்ட நக்கிக்கினு நின்னுதே, பத்தாதா? அப்ப வெரட்டிடட்டுமா?"

விரட்ட மனசு வராமல்தான் மனுஷன் அதைச் செய்தார். மற்ற நாயாக இருந்தால் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். செவலியை யாருமே பிடிக்கவில்லை. துணியில் வைத்து அவர் நீட்டினார். அவர் கை என்பதால் வாலை ஆட்டிக்கொண்டு வந்து வாங்கியது. அப்புறம்தான் அவர் அதன் வாயை அழுத்திப் பிடித்தார். அது போட்ட சத்தத்தில் வாத்தெல்லாம் ஒரே மூலைக்கு ஓடி ஒடுங்கியதாக அக்கா சொன்னாள்.

முட்டை அதற்குப் பிறகும் குறைந்தது.

அந்த வாரமே திண்டிவனம் பக்கம் மாற்றுவதற்காக நான் வண்டியோடு போனேன். வலைக் குச்சிகளைப் பிடுங்கும்போது பட்டி மூலையில், வரப்புக்கு அடியில் ஒரு பொந்து தெரிந்தது. மண்வெட்டியால் கிண்டினேன். கீரி ஒன்று மறுபக்கமாகப் பாய்ந்து ஓடியது. உள்ளே முட்டை ஓடு குப்பையாகக் கிடந்தது. கீரி உடைத்துப் போட்டதைத்தான் செவலி நக்கியிருக்கிறது.

மாமா ஒரு ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்கா பாத்திரங்களைத் தூக்கி வண்டியில் ஏற்றப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றைக்குச் செவலி முன் சீட்டில் ஏறவில்லை. பின்னால் அக்கா காலடியில் சுருண்டு படுத்து வந்தது.

வாய்ப்புண் ஆறிவிட்டது. வேலையிலும் குறை சொல்ல முடியாது. அவர் விசில் அடித்தால் போதும், சிதறின வாத்தையெல்லாம் சுற்றி வளைத்து ஓட்டி வரும். வேலைக்குக் கூப்பிட்டால் வருகிறது, சோற்றுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. உருண்டையை நீட்டினால் தள்ளி நின்று பார்க்கும். தரையில் வைத்தாலும், அவர் அங்கே இருக்கிறவரைக்கும் தொடாது. அக்கா வைத்தால் சாப்பிடும். இன்னும் அப்படித்தான்.

இந்த வருஷம் மகளுக்குப் பிரசவம் என்று அக்கா முண்டியம்பாக்கத்திலேயே தங்கிவிட்டாள். மாமா தனியாக, திண்டிவனத்தைத் தாண்டி ஓர் ஏரிக்கரை வயலில் இறங்கியிருக்கிறார். ஒரு நாள் போன் செய்து உடனே வா என்றார். என்னவோ ஏதோ என்று ஓடினேன். கூடாரத்து வாசலில் கருவாடு பிசைந்த சோறு தட்டில் தயாராக இருந்தது.

"நீ வை மச்சான்."

"நாய்க்குச் சோறு வைக்கவா என்ன இம்மாந்தூரம் இழுத்தீங்க? எனக்கு வேற பொழப்பு இல்லியா?"

"அவ போனதுல இருந்து ஒழுங்காவே துன்னல. நான் வெச்சிட்டு அப்பால போனாலும் மோந்து பாத்துட்டு வுட்டுடுது. பேஜாரு பண்ணாத, வை."

தட்டை வைத்தேன். அவர் வரப்பில் ஏறி, கொஞ்ச தூரம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார். செவலி என்னைப் பார்த்தது. அவர் முதுகைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்தது.

"துன்னுதா?"

"துன்னுது மாமா."

"கருவாட்ட?"

"எல்லாத்தயும்தான் துன்னுது. நீங்க திரும்பாதீங்க."

அவர் திரும்பவில்லை. தட்டு காலியாகும் வரைக்கும் அப்படியே நின்றிருந்துவிட்டு, நாளைக்கும் வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.