பெண் வீட்டு மோதிரமும் ஓடாத வைப்பரும்

என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் புருஷனும் நானும் சிம்மக்கல்லில் ஒரே மோட்டார் ஷெட்டில் மெக்கானிக்குகள். நாங்கள் போட்ட மோதிரம் அவன் விரலில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. பெண் வீட்டு மோதிரத்தை ஒரு வருஷத்துக்குக் கழற்றக் கூடாது, கழற்றினால் பெண்ணுக்கு ஆகாது என்று எங்கள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மோதிரத்தோடு வேலையில் கை வைக்காதே என்று நான் கத்தியது எடுபடவில்லை. எனக்கு எரிச்சல்தான். ஆனால் தங்கை பேரைச் சொல்லி வாயை அடைத்துவிட்டால் நான் என்ன பேச?

யுத்த காலம். ஆயுத பூஜை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வத்தல் மண்டிக்காரர் ஒருவர் தம் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வைப்பர் ஓடலண்ணே. மழையில ரோடே தெரியல. பாத்து வைங்க, சாயங்காலம் வாரேன்."

பூஜையன்று எங்கள் ஷெட்டில்தான் அந்தக் காருக்கும் பொட்டு வைத்தோம். உள்ளே, கண்ணாடிக்கு மேலே மாலையைத் தொங்கவிட்டவன் மாப்பிள்ளை. சாமந்தி காய்ந்து சருகாகியும் அங்கேயே கிடந்தது. சாமி மாலையை யார் எடுத்துப் போடுவார்கள்?

சாவியைத் திருப்பி, வைப்பர் சுவிட்சையும் போட்டுவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான் மாப்பிள்ளை.

"பேட்டரி வயரக் கழட்டிட்டுக் கைய வையி மாப்ள."

"கழட்டிட்டா கரண்டு எங்கன நிக்குதுன்னு எப்படி மச்சான் பாக்குறது?"

அதுவும் நியாயம்தான். சின்ன பல்பில் இரண்டு வயர் கட்டி ஒவ்வொரு முனையாகத் தொட்டுக்கொண்டே போனான். "இங்க வருது. இங்கயும் வருது. மேல மோட்டாருதான் போச்சு போல" என்றபடி கையை வெளியே இழுத்தான்.

மோதிரத்தின் ஒரு பக்கம் பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரின் முனையிலும், மறுபக்கம் காரின் தகரத்திலும் பட்டது. படீரென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி. கையை இழுக்கிறான், வரவில்லை. மோதிரம் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் ஓடிப்போய்ப் பேட்டரி வயரைப் பிடுங்குவதற்குள் தங்கம் பழுக்கக் காய்ந்திருந்தது. கார் கரண்டு ஆளை ஒன்றும் செய்யாது என்று ஷெட்டில் அத்தனை பேரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது கறி கருகும் வாடை அடித்தது.

ஒட்டியிருந்த இடத்தைப் பெயர்த்துக் கையை விடுவித்து, வாளித் தண்ணீரில் அமுக்கினோம். பார்க்கப் பார்க்க விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் இறங்கியது. நான் கம்பி வெட்டுகிற கட்டரை எடுத்தேன். அவன் கையை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டான்.

"வெட்டாத மச்சான். அவளுக்கு ஆகாது."

"வெரலு போயிரும்டா."

"போனாப் போகட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் அவன் கையை இழுத்து முழங்காலால் அழுத்திக்கொண்டு இரண்டு பக்கமும் நறுக்கினேன். மோதிரம் இரண்டு துண்டாக வந்தது. அவன் அழுதான். வலியில் அழுதானா, மோதிரத்துக்கு அழுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெரியாஸ்பத்திரிக்குப் போக அந்தக் காரை விட்டால் வேறு வண்டியில்லை. பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளப்பினேன். வைகைப் பாலத்தில் ஏறும்போது மழை கொட்டியது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சருகு மாலை வேறு முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் ஒரே இழுப்பாக இழுத்தேன்.

வைப்பர் ஓட ஆரம்பித்தது.

அந்தக் காரில் வைப்பர் மோட்டார் கண்ணாடிக்கு மேலே இருந்தது; கீழே உள்ள சுவிட்சு போக, மோட்டாரிலும் ஒரு சுவிட்சுக் குமிழ் உண்டு. மாலையின் நார் அந்தக் குமிழில் சுற்றியிருந்தது. கட்டிய அன்றே மாலையின் கனம் குமிழை இழுத்து அணைத்திருக்க வேண்டும். நான் இழுத்த இழுப்பில் அது மறுபக்கம் திரும்பிவிட்டது. அந்த வைப்பரில் ஒரு கோளாறும் இல்லை. பாலத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டேன்.

"ஓடுது மச்சான்" என்றான் அவன்.

கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தங்கையிடம் மோதிரத் துண்டுகளைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நடந்தது முழுவதையும் கேட்டாள். துண்டுகளை ஏதோ குப்பையைப்போல ஜன்னலில் வைத்துவிட்டு அவன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஆகாதுன்னு சொன்னீகளே, எது ஆகாதுன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"



கட்டுப் பிரித்த அன்றைக்கும் நான் அங்கே இருந்தேன். அவன் உள்ளங்கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு, "மடக்குங்க, பாப்போம்" என்றாள். மற்ற விரல்கள் எல்லாம் மடங்கின.